சஷ்டி ஆறு நாள், ஆறு கைவேலை: வீட்டுக் குட்டீஸோட செஞ்சு பாருங்க

வேலும் மயிலும் துணை!

சஷ்டி நெருங்கினாலே நம்ம குழுவில் வரிசையா கேள்வி வரும். விரதம் எப்படி இருக்கறது, காப்பு கட்டினா என்ன சாப்பிடலாம், கவசம் எத்தனை தடவை படிக்கறது என்று. அதுக்கெல்லாம் பெரியவங்க பதில் சொல்லிடுவாங்க. போன வருஷம் எனக்கு வந்த கேள்வி வேற: "அஞ்சு வயசுப் பையனை ஆறு நாள் எப்படிச் சமாளிக்கறது?"

எங்க வீடு திண்டுக்கல்லில். அக்கா ரெண்டாவது பிரசவத்துக்கு வந்திருந்தா. மாசம் நெருங்கிடுச்சு, குனிஞ்சு நிமிர முடியாது. அம்மா சஷ்டி விரதம், ராத்திரி ஒரு டம்ளர் பாலும் பழமும்தான். அப்பா கடைக்குப் போயிடுவார். நான் வீட்டில் இருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கறவன். வெளியில் ஐப்பசி அடைமழை. மிச்சம் இருந்தது அக்கா பையனும், அவன் கையில் ஒரு போனும்.

முதல் நாள் காலையில் போனை வாங்கி வெச்சேன். அழுதான். "அம்மா வயித்துல பாப்பா வந்ததுல இருந்து என்கூட யாருமே விளையாடறது இல்ல" என்றான். எனக்குப் பதில் வரலை.

அப்பதான் தோணுச்சு. முருகனுக்கு ஆறு முகம், ஆறு படைவீடு, ஆறெழுத்து, சஷ்டிக்கும் ஆறு நாள். நாளைக்கு ஒண்ணா இவனோட உட்கார்ந்து ஆறு பொருள் செய்வோம். அந்த ஆறையும் செய்முறையோட கீழே எழுதியிருக்கேன். நடுவில் நான் செஞ்ச ஒரு தப்பும் இருக்கு. அதை விட்டுட்டு எழுதினா இந்தப் பாடம் முழுசாகாது, அதனால் அதையும் சொல்றேன்.

முதலில் என்னென்ன வேணும்?

சஷ்டி தீபாவளி அமாவாசை முடிஞ்ச மறுநாள் ஆரம்பிக்குது. அதனால் எல்லார் வீட்டிலும் காலி ஸ்வீட் பாக்ஸ் கிடக்கும். அந்த அட்டைதான் நமக்குச் சொத்து. கூட பழைய செய்தித்தாள், கலர் பேப்பர், சமையல் கட்டுக்கு வாங்கற அலுமினிய ஃபாயில், ஐஸ் குச்சி, பேப்பர் கப், கொஞ்சம் உல்லன் நூல், கிரேயான்ஸ், முனை மழுங்கின கத்தரிக்கோல். மொத்தமா கடையில் வாங்க வேண்டியது ஐஸ் குச்சியும் கலர் பேப்பரும்தான்.

பசை வீட்டிலேயே காய்ச்சலாம். ரெண்டு ஸ்பூன் மைதாவை அரை டம்ளர் பச்சைத் தண்ணியில் கட்டி இல்லாமல் கரைச்சு, சின்னத் தீயில் வெச்சுக் கிளறிக்கிட்டே இருங்க. வெள்ளை மாவு மெல்லக் கண்ணாடி மாதிரி மாறி, கரண்டியில் ஒட்டும். அதுதான் பதம். இறக்கி நல்லா ஆறவிடுங்க. ஒரு நாள் தாங்கும், மறுநாளுக்கு வேணும்னா ஃப்ரிட்ஜில் வைங்க. போஸ்டர் ஒட்டறவங்க, புத்தகம் பைண்டிங் பண்றவங்க பூச்சி அரிக்காம இருக்க இதில் மயில்துத்தம் கலப்பாங்க. பேரில் மயில் இருக்கேன்னு அதை வீட்டுக்குக் கொண்டு வந்துடாதீங்க, அது விஷம். குழந்தை விரலை வாயில் வைக்கும். வெறும் மைதாவும் தண்ணியும் போதும்.

அடுப்புப் பக்கம் இருக்கற வேலை, பிளேடு பிடிக்கற வேலை ரெண்டும் உங்களுது. கிழிக்கறது, ஒட்டறது, அமுக்கறது, கலர் அடிக்கறது குழந்தையோடது. இதை முதல் நாளே பிரிச்சுடுங்க.

முதல் நாள்: ஆறுமுனை நட்சத்திரம்

அம்மா பூஜை அறையில் அரிசி மாவில் அறுகோணக் கோலம் போட்டு, ஆறு முனையிலும் விளக்கு ஏத்துவாங்க. பையன் அதையே பார்த்துக்கிட்டு நின்னான். அதைத்தான் முதலில் செஞ்சோம்.

ஒரே அளவில் ஆறு ஐஸ் குச்சி எடுத்துக்கோங்க. மூணு குச்சியின் முனைகளை ஒட்டினா ஒரு முக்கோணம். இன்னொரு மூணில் இன்னொரு முக்கோணம். ரெண்டும் காயட்டும், மழை நாளில் ஃபேன் அடியில் ஒரு மணி நேரமாவது வேணும். அப்புறம் ஒண்ணு மேலே பார்க்க, ஒண்ணு கீழே பார்க்க, ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு ஒட்டுங்க. நட்சத்திரம் ரெடி.

இப்போ குழந்தையை எண்ணச் சொல்லுங்க. சுத்தி எத்தனை குட்டி முக்கோணம்? ஆறு. நடுவில் இருக்கற வடிவத்துக்கு எத்தனை பக்கம்? அதுவும் ஆறு. ரெண்டு பெரிய முக்கோணம் சேர்ந்ததில் இத்தனை வடிவம் எங்க இருந்து வந்துச்சுன்னு கேளுங்க. யு.கே.ஜி. குழந்தைக்கு இது போதுமான கணக்கு.

ஆறு சின்ன வட்டப் பேப்பரில் ச, ர, வ, ண, ப, வ என்று எழுதி முனைக்கு ஒண்ணா ஒட்டினோம். எழுதும்போது பையன் நிறுத்தினான். "மாமா, 'வ' ரெண்டு தடவை வருது, நீ தப்பா எழுதிட்ட!" நான் இத்தனை வருஷமா ஆறெழுத்தைச் சொல்லிக்கிட்டு இருக்கேன், அதை ஒரு தடவைகூட கவனிச்சதில்லை. இல்லடா மாப்ள, அப்படித்தான் வரும்னு சொன்னேன். நம்பாம அம்மாச்சிகிட்ட போய் விசாரிச்சுட்டு வந்தான்.

இரண்டாம் நாள்: வேல்

வேல் வெட்ட ஒரு சுலபமான வழி இருக்கு. பேப்பரை நீளவாக்கில் ரெண்டா மடிங்க. மடிச்ச ஓரத்தை ஒட்டி அரை வெத்தலை மாதிரி வரையுங்க. மடிச்சபடியே வெட்டிப் பிரிச்சா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி முழு வேல் வரும். அதை ஸ்வீட் பாக்ஸ் அட்டை மேல வெச்சு வரைஞ்சு, அட்டையை நீங்க வெட்டிக் கொடுங்க. முனையைக் கொஞ்சம் உருட்டி வெட்டுங்க, கூரா விடாதீங்க. ஃபாயிலை அட்டை மேல போர்த்தி, ஒரு துணிப் பந்தால் குழந்தை தேய்ச்சா சுருக்கம் போய்ப் படியும்.

தண்டுக்கு ஒரு செய்தித்தாளை மூலையில் இருந்து குறுக்கா உருட்டுங்க. கடைசி மூலையைப் பசையால் ஒட்டினா நல்ல விறைப்பான குழல் கிடைக்கும். ஒரு முனையைத் தட்டையா அமுக்கி, வேலின் பின்பக்கம் ஒட்டிடலாம். சண்டை போட்டா வளையும், யார் கண்ணையும் குத்தாது.

பையன் மடிச்சு வெட்டற வழியைக் கேக்கலை. நானே வரையறேன்னு ஒரே பிடி. அவன் வரைஞ்ச வேல் ஒரு பக்கம் குண்டு, ஒரு பக்கம் ஒல்லி. ஃபாயில் பத்து இடத்தில் கிழிஞ்சு, உள்ளே ஸ்வீட் பாக்ஸின் பூப்படம் தெரிஞ்சுது. தண்டு சாய்ஞ்சு நின்னுச்சு. ஆனா அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அக்கா கட்டில் பக்கத்தில் வெச்சுக் காட்டிட்டு, சாமி படத்துக்கு முன்னாடி சாய்ச்சு வெச்சுட்டுத் தூங்கிட்டான்.

இங்கதான் நான் தப்பு பண்ணினேன்.

ராத்திரி ஸ்டேட்டஸ் போடலாம்னு போனை எடுத்தேன். கேமராவில் பார்த்தா அந்த வேல் அசிங்கமா தெரிஞ்சுது. சரி, கொஞ்சம் திருத்துவோம்னு உட்கார்ந்தேன். திருத்த முடியலை, புதுசாவே வெட்டிட்டேன். ஸ்கேல் வெச்ச நேர் கோடு, புது ஃபாயில், நடுவில் விபூதிப் பட்டை, சிவப்புப் பொட்டு. விளக்கு வெளிச்சத்தில் வெச்சு எடுத்தா அருமையா வந்துச்சு. "எங்க வீட்டுக் குட்டி முருக பக்தன் செஞ்ச வேல்" என்று எழுதிப் போட்டேன். நூத்துச் சொச்சம் பேர் பார்த்தாங்க. "முருகா", "சூப்பர் குட்டி", "என்ன திறமை!" என்று வந்துக்கிட்டே இருந்துச்சு. பழசைக் குப்பைக் கூடையில் போட்டுட்டுப் படுத்தேன்.

காலையில் எழுந்ததும் நேரா பூஜை அறைக்குப் போனான்.

"மாமா, என் வேல் எங்க?"

"அதோ இருக்கு பாருடா மாப்ள, மாமா கொஞ்சம் அழகாக்கி வெச்சிருக்கேன்."

"இது இல்ல. என்னோடது கோணலா இருக்கும்."

குப்பை வண்டி அதுக்குள்ள வந்து போயிடுச்சு. அவன் அழுவான்னு நினைச்சேன், அழலை. நான் செஞ்ச வேலைக் குப்புற வெச்சான். "அப்ப நீயே செய் மாமா" என்று சொல்லிட்டுப் போய்ப் போனை எடுத்துக்கிட்டான்.

மூன்றாம் நாள்: மாவுச் சேவல்

அன்னைக்குப் பகல் முழுக்க ஒண்ணும் நடக்கலை. கலர் பேப்பரைக் காட்டினேன், திரும்பிக்கிட்டான். சாயந்தரம் அக்காகிட்ட சொன்னேன். திட்டுவான்னு பார்த்தா, அவ மெதுவாத்தான் பேசினா.

"முந்தாநாள் ராத்திரி என்கிட்ட ஒண்ணு கேட்டான்டா. புதுப் பாப்பா என்னைவிட அழகா இருந்தா என்னை என்ன பண்ணுவீங்கன்னு."

அதுக்கப்புறம் அக்கா ஒண்ணும் சொல்லலை. நானும் ஒண்ணும் பேசலை. எனக்கு வயிறு கலங்கிடுச்சு.

அடுக்களையில் அம்மா எங்களுக்குச் சப்பாத்தி மாவு பிசைஞ்சுக்கிட்டு இருந்தாங்க. விஷயத்தைச் சொன்னேன். ஒரு உருண்டை மாவை என் கையில் கொடுத்து, "அவனைக் கூப்பிடாத. கெஞ்சாத. நீ பாட்டுக்கு உட்கார்ந்து ஏதாவது செய்" என்றாங்க. கூடத்தில் தரையில் உட்கார்ந்து, இடது கையால் ஒரு சேவல் செய்ய ஆரம்பிச்சேன். எனக்கு வலது கைப் பழக்கம். நீங்களும் முயற்சி பண்ணிப் பாருங்க, அஞ்சு வயசுக் கைக்கு ஒரு பொருள் செய்யறது எவ்வளவு கஷ்டம்னு அப்பதான் புரியும்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் வந்து நின்னான்.

"என்ன மாமா இது, பல்லியா?"

"சேவல்டா."

சிரிச்சுட்டான். "தள்ளு" என்று சொல்லி, மாவைப் பிச்சு எடுத்துக்கிட்டு உட்கார்ந்தான். அவன் செஞ்ச சேவலுக்கு மூணு கால். கை பரபரத்துச்சு, ஒண்ணை எடுத்துடுன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. அடக்கிக்கிட்டு, "இது என்னடா மாப்ள?" என்று மட்டும் கேட்டேன்.

"அது கால் இல்ல மாமா, கொடிக் கம்பு. சேவல் கொடியில்தானே இருக்கும்?"

சேவற்கொடியோன்னு நாம பாடற பேருக்கு அவன் வடிவம் கொடுத்திருக்கான். நான் திருத்தியிருந்தா கொடிக் கம்பு போயிருக்கும், வெறும் ரெண்டு கால் சேவல்தான் மிஞ்சியிருக்கும்.

அப்பதான் சொன்னேன். "உன் வேலைத் தூக்கிப் போட்டது தப்புடா மாப்ள. உன்னைக் கேக்காம செஞ்சுட்டேன்." அவன் மாவை உருட்டிக்கிட்டே, "போட்டோவும் பொய்தானே?" என்றான். ஆமான்னேன். ஸ்டேட்டஸை அழிச்சுட்டு வேற ஒண்ணு போட்டேன்: "நேத்து போட்ட வேல் நான் செஞ்சது. எங்க குட்டி செஞ்சது அதைவிடக் கோணலா, அழகா இருந்துச்சு. நான் தூக்கிப் போட்டுட்டேன்." கொஞ்சப் பேர் சிரிச்சாங்க. பரவாயில்ல. சாமி பேரைச் சொல்லிப் போட்ட படம் பொய்யா இருக்கக் கூடாதில்ல?

செய்முறை: சப்பாத்தி மாவு அன்னைக்கே விளையாட நல்லா இருக்கும், மறுநாள் புளிச்சுடும். எடுத்து வைக்கணும்னா ஒரு கப் மைதா, அரை கப் உப்புத்தூள், கொஞ்சம் கொஞ்சமா தண்ணி விட்டுச் சப்பாத்தி மாவைவிடக் கெட்டியா பிசைங்க. தண்ணி ஏறக்குறைய அரை கப் பிடிக்கும். அரை இஞ்ச் கனத்துக்கு மேல செய்யாதீங்க, உள்ளே காயாது. நல்ல வெயிலில் ரெண்டு மூணு நாள் காயட்டும். மழைக் காலத்தில் ஈரத்தை இழுத்துக்கிட்டு மறுபடி பிசுபிசுக்கும், அதனால் நல்லா காய்ஞ்சதும் பெயின்ட் அடிச்சுடுங்க. உப்பு அதிகம், குழந்தை தின்னக் கூடாது. வீட்டில் நாய் இருந்தா அதுக்கும் எட்டாம வைங்க, அவ்வளவு உப்பு நாய்க்கு ஆகாது.

நான்காம் நாள்: கை மயில்

இது எங்க வீட்டில் எல்லாருக்கும் பிடிச்சது. கலர் பேப்பர் மேல குழந்தையின் கையை விரிச்சு வைக்கச் சொல்லி, சுத்தி பென்சிலால் வரையுங்க. பச்சை, நீலம், ஊதா என்று ஏழெட்டுக் கை வரைஞ்சு வெட்டுங்க. விரல் இடுக்கில் வெட்டறது குழந்தைக்குக் கஷ்டம், அதை மட்டும் நீங்க வெட்டிக் கொடுக்கலாம். ஒரு பெரிய அட்டையில் அந்தக் கைகளை விசிறி மாதிரி, விரல்கள் வெளியே பார்க்க ஒட்டினா அதுதான் தோகை. நடுவில் பேரிக்காய் வடிவில் ஒரு உடம்பு, அலகு, கால், தலையில் கொண்டை. ஒவ்வொரு விரல் நுனியிலும் ஒரு கண் வரையச் சொல்லுங்க.

வரையும்போது கதை பேசலாம். தோகை ஆண் மயிலுக்குத்தான் இருக்கும். மழைக் காலம் முடிஞ்சதும் அது வருஷா வருஷம் தானே உதிர்ந்து புதுசா முளைக்கும், யாரும் பிடுங்க வேண்டியதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் விராலிமலை முருகன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனா மலையில் மயில் நடமாடறதை நேரிலேயே காட்டலாம்.

பையன் தன் கை மட்டும் போதாதுன்னு வீட்டில் எல்லார் கையையும் வரைஞ்சான். அம்மாச்சி கை, தாத்தா கை, என் கை. கடைசியா அக்காகிட்ட போய், "பாப்பா கை எப்படி வரையறது?" என்று கேட்டான். அக்கா யோசிச்சுட்டு, "எவ்வளவு சின்னதா இருக்கும்னு நீயே நினைச்சு வரைடா" என்றா. தோகையின் அடியில், அவன் கட்டை விரல் அளவுக்கு, ஒரு மஞ்சள் கை ஒட்டினான். ஏழு விரல் இருந்துச்சு. யாரும் எண்ணலை.

ஐந்தாம் நாள்: தராசுக் காவடி

முதலில் இடும்பன் கதையைச் சொல்லுங்க. சிவகிரி, சக்திகிரி என்று ரெண்டு மலையைக் கம்பின் ரெண்டு பக்கமும் கட்டித் தோளில் சுமந்து வந்தவர் இடும்பன். இளைப்பாற இறக்கி வெச்ச இடம்தான் பழனி. காவடி அங்க இருந்து தொடங்கினதா சொல்லுவாங்க.

ஒரு 30 செ.மீ. ஸ்கேல் எடுத்துக்கோங்க. ரெண்டு பேப்பர் கப்பில் வாய்ப்பக்கம் எதிரெதிரா ரெண்டு ஓட்டை போட்டு நூல் கட்டுங்க. ஓட்டை போடறது நீங்க. ஸ்கேலின் ரெண்டு முனையிலும் ஒவ்வொரு கப்பைத் தொங்கவிடுங்க. வழுக்காம இருக்க ஒரு சுத்து டேப் ஒட்டலாம். ஸ்கேலுக்கு மேலே அட்டைப் பட்டையை வில் மாதிரி வளைச்சு ஒட்டி, அதில் கலர் பேப்பர் பூ. நடுவில் ஒரு நூல் கட்டித் தூக்கினா குட்டிக் காவடி.

இப்போ விளையாட்டு. ரெண்டு கப்பிலும் பத்துப் பத்துப் புளியங்கொட்டை போடுங்க. நேரா நிக்கும். ஒண்ணில் இருந்து அஞ்சை எடுங்க. சாயும். அதை மறுபடி நேரா நிக்க வைக்க என்ன செய்யலாம்னு கேட்டுட்டுச் சும்மா இருங்க. வாயைத் திறக்காதீங்க, அது ரொம்ப முக்கியம். பையன் முதலில் கப்பைக் கையால் பிடிச்சுப் பார்த்தான். அப்புறம் நடு நூலைத் தள்ளினான், தப்பான பக்கம். இன்னும் சாய்ஞ்சுது. திரும்ப இந்தப் பக்கம், கனமான கப்பை நோக்கித் தள்ளினான். நின்னுடுச்சு! கனம் கிட்ட வரணும், லேசானது தள்ளிப் போகணும். தராசுக் கணக்கு முழுக்க அவ்வளவுதான். பெரிய வகுப்பில் இதையே நெம்புகோல்னு படிப்பான்.

மூணு வயசுக்குக் கீழே குழந்தை இருந்தா புளியங்கொட்டை வேண்டாம், தொண்டையில் சிக்கும். பெரிய உருளைக்கிழங்குத் துண்டு போட்டுக்கோங்க. காவடியைத் தோளில் வெச்சு ஆடறப்ப நூல் கழுத்தில் சுத்தாம பக்கத்திலேயே இருங்க.

ஆறாம் நாள்: மாமரக் கதவு

சாயந்தரம் டி.வி.யில் திருச்செந்தூர் சூரசம்ஹாரம் பார்ப்போம். அதுக்கு முன்னாடி வீட்டிலேயே ஒரு சம்ஹாரம்.

ஒரு தடிப்பான பேப்பரைப் படுக்கைவாக்கில் வைங்க. இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் நடுவில் சந்திக்கற மாதிரி மடிங்க. ரெட்டைக் கதவு மாதிரி வரும். மூடின கதவு மேல, ரெண்டு கதவிலும் படற மாதிரி ஒரு பெரிய மாமரம் வரையச் சொல்லுங்க. இலைக்குக் கிழிச்ச பச்சைப் பேப்பர் ஒட்டலாம், ஆனா நடு இடுக்கில் பசை படக் கூடாது. கதவைத் திறந்து உள்ளே ஒரு பக்கம் மயில், ஒரு பக்கம் சேவல். வேலை இடுக்கில் விட்டுத் திறந்தா மரம் ரெண்டா பிளந்து மயிலும் சேவலும் வரும்.

"வேல் வேணுமே மாமா" என்றான். நான் செஞ்ச வேல் அதே இடத்தில் இருந்துச்சு. அதை நான் தொடலை, அவனும் தொடலை. மிச்ச அட்டையில் புதுசா ஒண்ணு வரைஞ்சான். முன்னதைவிடக் கோணல். அதைத்தான் இடுக்கில் விட்டோம்.

திறந்ததும் பையன் கேட்டான். "சூரன் கெட்டவன்தானே, அவனை ஏன் முருகன் தூக்கிப் போடலை?" அம்மா சொன்னாங்க: "முருகனுக்கு யாரையும் தூக்கிப் போடத் தெரியாதுடா கண்ணு. மயிலாக்கிப் பக்கத்திலேயே வெச்சுக்குவார். சேவலாக்கிக் கொடியில் வெச்சுக்குவார்." சின்ன வயசில் இருந்து கேட்ட கதைதான். அன்னைக்கு அது எனக்குச் சொன்ன மாதிரி இருந்துச்சு.

நான் கத்துக்கிட்டது

இளைஞர்கள்தான் இதை அதிகம் படிக்கறீங்க. அக்கா பிள்ளை, அண்ணன் பிள்ளை, பக்கத்து வீட்டுக் குட்டி என்று யாராவது உங்க கையிலும் இருப்பாங்க. அவங்களோட உட்காரும்போது இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

குழந்தை செஞ்சதை அது இல்லாதப்ப தொடாதீங்க. பசை உரிஞ்சா, "ஒட்டட்டுமா?" என்று கேட்டுட்டு ஒட்டுங்க.

"இப்படி இல்ல" என்பதுக்குப் பதிலா "இது என்ன?" என்று கேளுங்க. மூணாவது கால் கொடிக் கம்பா இருக்கலாம்.

நேரத்தை நீட்டாதீங்க. எங்க பையன் ஒரே இடத்தில் இருபது நிமிஷத்துக்கு மேல உட்காரலை. பாதியில் எழுந்தா விடுங்க, சாயந்தரம் அவனே வருவான்.

அவனுக்குச் செஞ்சு காட்டறப்ப உங்க முழுத் திறமையையும் காட்டாதீங்க. உங்க வேல் ரொம்ப அழகா இருந்தா அவன் தன் வேலைக் கீழே வெச்சுடுவான்.

போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி கேளுங்க. முகம் வேண்டாம், கை செஞ்சது போதும். இருக்கறது இருக்கற மாதிரியே போடுங்க.

செஞ்சு முடிச்சதுக்கு ஒரு இடம் கொடுங்க. எங்க பூஜை அறைக் கீழ்த் தட்டு இப்போ அவனோடது. வேணாம்னா அவனே எடுப்பான், நாங்க எடுக்க மாட்டோம்.

அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்துச்சு. தொட்டில் போட்ட அன்னைக்குப் பையன் அந்த ஆறுமுனை நட்சத்திரத்தை எடுத்துட்டு வந்து, "இது பாப்பாவுக்கு" என்றான். பாப்பா கைக்கு எட்டாத உயரத்தில், மேலே கொக்கியில் கட்டினோம். ரெண்டு எழுத்து உரிஞ்சு தொங்குச்சு. கையில் பசையோட நின்னுக்கிட்டு, "ஒட்டட்டுமாடா மாப்ள?" என்று கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்து யோசிச்சான். "நான் ஒட்டறேன். நீ என்னைத் தூக்கு" என்றான்.

தூக்கினேன்.

இந்த சஷ்டிக்கு உங்க வீட்டில் என்ன செஞ்சீங்கன்னு குழுவில் சொல்லுங்க. கோணலா இருந்தா இன்னும் நல்லது. பிள்ளைங்க இருக்கற வீடுகளுக்கு இதை அனுப்பி வைங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!